பாதியில் நிற்கும் கார்: மெக்கானிக்கிடமிருந்து வண்டியையும் பணத்தையும் மீட்பது எப்படி?

"ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். மொத்தம் 60,000 ரூபாய் ஆகும். பத்து நாளில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்" என்று சொன்ன மெக்கானிக்கிடம் 35,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. போன் செய்தால் லேத் பட்டறையிலிருந்து ஹெட் (இன்ஜினின் மேல் மூடி; அதன் அடியில் வரும் அடைப்புத் தகடுதான் கேஸ்கட்) வரவில்லை என்கிறார். அடுத்த வாரம் பையன் ஊருக்குப் போயிருக்கிறான் என்கிறார். அதற்கும் அடுத்த வாரம் போனையே எடுப்பதில்லை. கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், இந்தக் கதையைச் சொல்ல ஒருவராவது இருப்பார்.

தமிழ்நாட்டில் தனியார் பட்டறையில் வேலைக்கு விட்ட கார் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். இந்தத் தகராறில் இரண்டு சண்டைகள் கலந்து கிடக்கின்றன: ஒன்று வண்டிக்கான சண்டை, மற்றொன்று பணத்துக்கான சண்டை. இரண்டையும் ஒரே மூச்சில் ஷெட் வாசலில் நின்று போட்டால் இரண்டுமே கிடைக்காது. வண்டி அவர் இடத்தில் நிற்கும்வரை பேரத்தில் அவர் கைதான் ஓங்கியிருக்கும். முதலில் வண்டியை வெளியே கொண்டுவர வேண்டும், பணக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். கீழே உள்ளவை எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன.

1. எந்த வகைத் தாமதம் என்று கண்டுபிடியுங்கள்

வேலை நிற்பதற்குக் காரணங்கள் பல. காரணத்துக்குத் தக்கபடிதான் உங்கள் அடுத்த அடி இருக்க வேண்டும்.

உதிரி பாகம் உண்மையிலேயே கிடைக்காமல் இருக்கலாம். இதைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். எந்தப் பாகம், அதன் எண் என்ன என்று மெக்கானிக்கிடமே கேட்டு வாங்கி, கம்பெனி டீலரிடமும் சென்னை ஜி.பி. சாலை போன்ற இடங்களில் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் விசாரியுங்கள். "கையிருப்பில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் பிரச்சினை பாகத்தில் இல்லை.

சிறிய ஷெட்களில் அடிக்கடி நடப்பது வேறு. உங்கள் முன்பணம் உங்களுக்கு முன்னால் வந்த வண்டியின் பாகங்களுக்குப் போயிருக்கும், உங்கள் வண்டி அடுத்து வருபவரின் முன்பணத்துக்காகக் காத்திருக்கும். இப்படிச் செய்பவரெல்லாம் திருடர் என்று சொல்ல மாட்டேன், சுழற்சியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். உங்கள் உரிமை இதனால் குறைவதில்லை. ஆனால் இவரிடம் மேற்கொண்டு ரொக்கம் கொடுப்பதை அன்றே நிறுத்துங்கள். தேவையான பாகத்துக்கு நீங்களே கடையில் பணம் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்கி, பொருளை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.

மூன்றாவது வகை, பிரித்தவருக்குத் திரும்பப் பூட்டத் தெரியாமல் போவது. கைத்திறன் உள்ள ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது கோளாறைத் தவறாகக் கணித்து இன்ஜினைத் திறந்திருப்பார். இதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். இங்கே அவகாசம் கொடுப்பது வீண், வண்டியை எடுத்துவிடுவதே நல்லது.

நான்காவது, மோசடி. பாகங்கள் காணாமல் போயிருக்கும், வண்டி வெளியே ஓடியிருக்கும், அல்லது ஷெட்டே பூட்டிக் கிடக்கும். இது 8-ஆம் படிக்கு நேராகப் போக வேண்டிய விவகாரம்.

2. நேரில் போய் வண்டியைப் பாருங்கள்

வேலை நாளில், காலை பத்தரை மணி வாக்கில், சொல்லாமல் போங்கள். வண்டியைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். அன்றைய வேலை பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டுமே.

வண்டியைச் சுற்றி ஒரு முழு வீடியோ எடுங்கள். பிறகு தனித்தனிப் படங்கள்: ஓடோமீட்டர், எரிபொருள் முள், பேட்டரியின் வரிசை எண், நான்கு டயர்களிலும் தயாரித்த வாரமும் வருடமும் காட்டும் நான்கு இலக்க எண், ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம். காமன் ரெயில் டீசல் வண்டியாக இருந்தால் இன்ஜெக்டர்களையும் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகங்கள்) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஒரு குறியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழையதை வைத்து மாற்றிவிட்டார்களா என்பதைப் பிற்பாடு அந்த எண்தான் சொல்லும்.

ஹெட் கழற்றிய பிளாக்கின் மேல் பெரும்பாலும் ஒரு பழைய பனியன் துணி கிடக்கும். அதைத் தூக்கிப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் விரலை வைத்தால் செம்பழுப்பாகத் தூள் ஒட்டுகிறது என்றால் துரு ஏறத் தொடங்கிவிட்டது. அங்கேயே, அப்போதே, சிலிண்டருக்குள் நல்ல ஆயிலைத் தடவச் சொல்லி, மேலே பாலித்தீன் தாளை இறுகக் கட்டச் சொல்லுங்கள். பேட்டரி வயரையும் கழற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் இன்ஜின் ஒரு மாதத்தில் தரும் செலவு, நீங்கள் கொடுத்த முன்பணத்தையும் மிஞ்சக்கூடும். கழற்றிய போல்ட்டுகளும் வால்வுகளும் எந்த டப்பாவில், எந்தச் சாக்கில் இருக்கின்றன என்று கேட்டு அவற்றையும் படம் எடுங்கள்.

"ஹெட் லேத்தில் இருக்கிறது" என்றால் எந்த லேத் என்று கேட்டு, அங்கேயே போய்விடுங்கள். மெக்கானிக்கின் பழைய பாக்கிக்காக லேத்காரர் ஹெட்டைத் தராமல் வைத்திருப்பதும் உண்டு. அப்படியானால் உங்கள் வேலைக்கான கூலியை மட்டும் நீங்கள் நேராகக் கட்டி, ரசீது வாங்கி, அந்தத் தொகை கடைசி பில்லில் கழியும் என்று மெக்கானிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.

ஒரு சின்ன யோசனை. பாஸ்டேக் கணக்கின் பரிவர்த்தனைகளையும், வண்டி எண்ணில் போக்குவரத்து அபராதம் எதுவும் விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்ஜின் கழன்று கிடப்பதாகச் சொல்லப்பட்ட நாளில் சுங்கச்சாவடியில் பணம் கழிந்திருந்தால் மேற்கொண்டு பேச்சே தேவையில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறதே என்று இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமலும் விடாதீர்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடும்.

3. சாட்சியங்களைத் திரட்டுங்கள்

ஜாப் கார்டு (வண்டியை விடும்போது வேலை விவரம் எழுதித் தரும் தாள்), கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட், முன்பண ரசீது மூன்றும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலான ஷெட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கிழித்த தாளில் எழுதிக் கொடுத்த கணக்குதான் இருக்கும். அதுவும் சாட்சிதான், பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் பதிவிறக்கி மின்னஞ்சலில் சேமியுங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைப்பது வழக்கம். அதற்காகவே, உரையாடல் இருக்கும் அசல் போனை விற்காமல் வைத்திருங்கள்.

எதிராளியின் முழுப் பெயரும் முகவரியும் கட்டாயம் வேண்டும். ஊரெல்லாம் அவரைச் செல்லப் பெயரில்தான் அழைப்பார்கள், அந்தப் பெயரில் நோட்டீஸ் அனுப்ப முடியாது. யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர் அவருடைய வங்கிக் கணக்குப் பெயர். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைத் தட்டினால் சட்டபூர்வப் பெயரும் தொழில் முகவரியும் வரும். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே எண் இல்லை என்பதாலேயே அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் பில்லே தர மாட்டேன் என்பது வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காததையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

4. எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள்

இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சாக இருந்திருக்கலாம். அதை எழுத்தாக்குவது ஒரே ஒரு செய்தியில் முடிகிற வேலை. திட்டாமல், நடந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி:

"வணக்கம் அண்ணே. என் காரை ஹெட் கேஸ்கட் வேலைக்காக ஜூன் 3 அன்று உங்கள் ஷெட்டில் விட்டேன். மொத்தம் 60,000 ரூபாய் ஆகும், ஜூன் 13-க்குள் தருகிறேன் என்றீர்கள். 35,000 ரூபாய் முன்பணம் யு.பி.ஐ. மூலம் கொடுத்திருக்கிறேன். இன்று நேரில் பார்த்தபோது ஹெட் இன்னும் பூட்டப்படவில்லை. எந்தெந்தப் பாகம் வாங்கியிருக்கிறது, என்னென்ன வேலை பாக்கி, எந்தத் தேதியில் முடியும் என்று இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்புங்கள். முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

இதில் தேதி, தொகை, ஒப்பந்தம், இன்றைய நிலை நான்கும் வந்துவிட்டன. அவர் "சரி சார், வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்" என்று ஒரு வரி பதில் போட்டாலே, நீங்கள் எழுதியதை அவர் மறுக்கவில்லை என்று எடுத்துக் காட்டலாம். பதிலே வராவிட்டாலும் செய்தி அனுப்பிய தேதி நிற்கும். கடைசி வாக்கியம் முக்கியமானது. திறமைக் குறைவால் திணறுபவருக்கு அது மானத்தோடு வெளியேற ஒரு வாசல், பலர் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் வேலையை முடிக்கிறேன் என்று வந்தால், மீதிப் பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிவிடுங்கள். ஹெட் பூட்டி இன்ஜின் ஸ்டார்ட் ஆனால் ஒரு பங்கு, சூடேறிய பிறகும் கூலன்ட் குறையாமல் ஒரு நெடுந்தூர ஓட்டம் ஓடினால் மறுபங்கு. தேதிக்கு மட்டும் பணம் தருகிற ஏற்பாட்டில் தேதிதான் வரும், வேலை வராது.

ஊரில் நடுவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் கடனில் பாகம் வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், உங்களை அவரிடம் அனுப்பிவைத்த நண்பர், மெக்கானிக்குகள் சங்கம் இருக்கும் ஊர் என்றால் அதன் நிர்வாகிகள். கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு இருக்கும் மதிப்பு வக்கீல் நோட்டீஸுக்குக்கூட சில சமயம் இருப்பதில்லை. கடன் கொடுப்பவர் அல்லவா!

5. பணம் கட்டாமல் வண்டி தர மாட்டேன் என்றால்?

இங்கேதான் இரு தரப்பும் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. "என் வண்டியை நான் எடுப்பதைத் தடுக்க இவன் யார்" என்பது ஒரு தவறு. "பாக்கி இருந்தால் வண்டி என்னுடையது" என்பது மற்றொரு தவறு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆம் பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்பையோ திறனையோ செலுத்தியவர், அதற்கான கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டமே உதாரணமும் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த பிறகு கூலி வரும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தைத்து முடித்ததும் கோட்டைத் தருகிறேன், பணம் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொண்ட தையல்காரர், அன்று பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

நம் வழக்குக்கு இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, இந்த உரிமை ஒப்படைத்த நோக்கத்தின்படி செய்த வேலைக்கான கூலிக்கே உரியது. பாதியில் விட்ட வேலைக்கு முழு எஸ்டிமேட்டையும் கேட்டு வண்டியைப் பிடித்து வைப்பவரின் வாதம் பலவீனமானது. இரண்டாவது, இது அந்த வண்டியின் வேலைக்கு மட்டும். உங்கள் தம்பியின் வண்டிக்கு வர வேண்டிய பழைய பாக்கிக்காக உங்கள் காரைப் பிடிக்க முடியாது. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொது உரிமையை 171-ஆம் பிரிவு வங்கிகள் உள்ளிட்ட சிலருக்கு மட்டுமே தருகிறது, மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றாவது, பிடித்து வைத்திருப்பது வேறு, அனுபவிப்பது வேறு. வண்டியை ஓட்டவோ பாகத்தைக் கழற்றி விற்கவோ அவருக்கு உரிமையில்லை. 151-ஆம் பிரிவின்படி, தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அதைப் பார்த்துக்கொள்ளும் கடமையும் அவருடையதே. எலி வயரைக் கடித்துவிட்டது என்பதற்கு அவரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும்.

சிலர் மாற்றுச் சாவியோடு இரவில் போய் வண்டியை எடுத்து வரலாம் என்பார்கள். வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டை விளக்கும் 303-ஆம் பிரிவின் உதாரணங்களில் ஒரு கைக்கடிகாரக் கதை வருகிறது. பழுதுபார்த்த கூலி பாக்கியிருக்க, அதற்கு ஈடாகக் கடைக்காரர் சட்டப்படி வைத்திருக்கும் தன் சொந்தக் கடிகாரத்தையே, அந்த ஈட்டை அவரிடமிருந்து பறிக்கும் நோக்கத்தோடு உரிமையாளர் எடுத்துப் போனால் அதுவும் திருட்டு. பாக்கியே இல்லாமல் எடுத்தால் திருட்டாகாது, ஆனால் அத்துமீறி நுழைந்த குற்றம் தனியே நிற்கும். தன் காரையே திருடியவர் என்ற பெயர் உங்களுக்கு எதற்கு?

சரியான வழி, ஆட்சேபத்துடன் பணம் கட்டுவது. அவர் கேட்கும் தொகை அநியாயம் என்றாலும் உங்களால் புரட்ட முடிந்த அளவுதான் என்றால், வங்கிப் பரிமாற்றமாக அனுப்பி, "இந்தத் தொகையை ஒப்புக்கொண்டு கட்டவில்லை, வண்டியை விடுவிப்பதற்காக ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கோரும் உரிமை எனக்கு உண்டு" என்று உடனே எழுதியும் அனுப்புங்கள். வண்டி வெளியே வந்துவிடும், வழக்கும் உயிரோடு இருக்கும். தொகை பெரியது, கட்ட முடியாது என்றால் நுகர்வோர் ஆணையத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். அது 9-ஆம் படியில் வருகிறது.

"ஷெட்டில் நின்றதற்கு நாள் வாடகை" என்று ஒரு கணக்கு வந்தால், அதை எங்கே ஒப்புக்கொண்டேன் என்று கேளுங்கள். பெரிய ஒர்க் ஷாப்களில் ஜாப் கார்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இது இருக்கலாம், படித்துப் பாருங்கள். அவர் தாமதத்தால் நின்ற நாட்களுக்கு உங்களிடம் வாடகை கேட்பதை எதிர்க்க உங்களுக்கு நல்ல நியாயம் இருக்கிறது.

6. வண்டியை எடுத்து வரும் நாள்

பிரித்த இன்ஜினோடு வண்டியை எடுப்பது வெறுப்பான வேலை. அவசரப்பட்டால் ஒரு வால்வோ ஒரு சென்சாரோ அங்கேயே தங்கிவிடும். ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: ஹெட், கேம் ஷாஃப்ட், வால்வுகள், இன்ஜெக்டர்கள், டைமிங் பாகங்கள், போல்ட்டுகள், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய புதிய பாகங்கள், கழற்றிய பழைய பாகங்கள், சாவிகள், ஆர்.சி. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சாக்கில் கட்டி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் வீடியோவில் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். வேலை இன்சூரன்ஸ் கிளெய்மில் நடந்தால், பழைய பாகங்கள் சால்வேஜ் (மீந்த பொருளின் மதிப்பு) கணக்கில் போகும் என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான் அவற்றைத் தொட வேண்டும்.

"வேலை முழுத் திருப்தி" என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டிய நிலை என்றால், உங்கள் கைப்பட "வேலை முடியவில்லை, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், பிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள். அந்த வாடகை ரசீதும் உங்கள் நஷ்டக் கணக்கில் சேரும்.

7. இரண்டாவது மெக்கானிக் கை வைப்பதற்கு முன்

வழக்குகள் வலுவிழக்கும் இடம் இது. புதிய ஒர்க் ஷாப்பில் வண்டியை இறக்கியதும் வேலையைத் தொடங்கச் சொல்லிவிடுகிறார்கள். ஆணையத்தில் பழைய மெக்கானிக், "நான் சரியாகத்தான் செய்திருந்தேன், இடையில் இன்னொருவர் கை வைத்துக் கெடுத்துவிட்டார்" என்பார். அதற்குப் பதில் சொல்ல ஒரு தாள் இல்லாமல் நிற்பீர்கள்.

ஆகவே முதலில் பரிசோதனை மட்டும். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ, வாகன மதிப்பீட்டாளர் ஒருவரிடமோ, லெட்டர்ஹெட்டில் அறிக்கை வாங்குங்கள். அதில் வண்டி வந்த நிலை, செய்யாமல் விட்ட வேலைகள், தவறாகச் செய்த வேலைகள், சரிசெய்ய ஆகும் செலவு நான்கும் தனித்தனியாக இருக்கட்டும். "ஹெட்டின் முகம் சமமாக இல்லை, பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள்" என்பது போன்ற ஒரு வரி, பத்துப் பக்க மனக்குமுறலை விட மதிப்புள்ளது. ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடுகளை அழிப்பதற்கு முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். இதன் பிறகு வேலையைத் தொடங்கி, எல்லா பில்லையும் முறைப்படி வாங்குங்கள். "பில் வேண்டாம் என்றால் வரி இல்லாமல் செய்து தருகிறேன்" என்ற சலுகையை இந்த ஒரு தடவையாவது மறுத்துவிடுங்கள்.

8. நோட்டீஸும் போலீஸும்

நோட்டீஸ் அனுப்ப வக்கீல் கட்டாயமில்லை. வக்கீலின் பெயரைப் பார்த்தாலே சிலர் பணிவார்கள் என்பதும் உண்மை. நீங்களே எழுதுவதானால் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். என்று விட்டீர்கள், என்ன ஒப்புக்கொண்டார், எவ்வளவு கொடுத்தீர்கள், எது நடக்கவில்லை, இப்போது என்ன கேட்கிறீர்கள், 15 நாளில் பதில் வராவிட்டால் எங்கே போவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். தொகையை உடைத்துக் காட்டுங்கள். உதாரணமாக, செய்யாத வேலைக்கான முன்பணம் 28,000 ரூபாய், துருவால் வந்த கூடுதல் லேத் கூலி 6,000 ரூபாய், பிளாட்பெட் வாடகை 3,500 ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது இருக்கட்டும். அவர் செய்து முடித்த வேலைக்கு நியாயமான கூலியைக் கழித்துக் காட்டினால் உங்கள் கணக்கை நம்புவார்கள்.

2025-இல் பதிவுத் தபால், விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. தபால் நிலையத்தில் விரைவுத் தபாலாக, பதிவும் பட்டுவாடாச் சான்றும் சேர்த்துக் கேளுங்கள். உறையை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அதுவும் சாட்சி.

காவல் நிலையத்தில் தாமதப் புகாரைக் கொடுத்தால், "இது சிவில் விவகாரம்" என்ற பதில்தான் வரும். அது பெரும்பாலும் சரியான பதில். பாகங்களைக் கழற்றி விற்றது, வண்டியை அனுமதியின்றி ஓட்டியது, பாக்கி எதுவும் இல்லாமலே வண்டி இருக்கும் இடத்தைச் சொல்ல மறுப்பது, ஷெட்டைப் பூட்டிக்கொண்டு தலைமறைவானது ஆகியவை வேறு. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் வரும் குற்றம். புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் உட்கார்ந்து இரு தரப்பும் பேசி முடிவுக்கு வருவது சில சமயம் பலன் தரும். வண்டியைப் பெற்றுக்கொண்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் நின்று யோசியுங்கள். அந்த வரி உங்கள் பணத்துக்கான சண்டையை அங்கேயே முடித்துவிடும்.

9. நுகர்வோர் ஆணையம்

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். செலவில்லை. பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர்கள் இதற்கு ஓரளவு பதில் சொல்கின்றன. தெருமுனை ஷெட்டிடம் இதற்குப் பெரிய வலு இருக்காது, அவர் மேல் உத்தரவு போடும் அதிகாரம் அந்த உதவி மையத்துக்கு இல்லை.

அதிகாரம் உள்ள இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேதான் மனு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது, ஆகவே கார் வேலை வழக்குகளில் பெரும்பாலும் ஒரு பைசா கட்ட வேண்டியிருக்காது. ஷெட் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். நீங்களே வாதாடலாம். இணையத்தில் தாக்கல் செய்ய முன்பு இ-தாக்கில் என்ற தளம் இருந்தது, 2025 ஜனவரி முதல் அந்த இடத்தில் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது.

காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மெக்கானிக் ஒவ்வொரு மாதமும் புதுத் தேதி சொன்னார் என்பதால் கெடுவும் நீண்டுகொண்டே போகும் என்று நம்பாதீர்கள். முதலில் தருவதாகச் சொன்ன தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

மனுவில் கதை சுருக்கமாகவும் இணைப்புகள் முழுமையாகவும் இருக்கட்டும்: ஜாப் கார்டு அல்லது கைக்கணக்கு, பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், தேதியுள்ள படங்கள், இரண்டாவது ஒர்க் ஷாப்பின் அறிக்கையும் பில்லும், நோட்டீஸும் பட்டுவாடாச் சான்றும், உங்கள் பிரமாணப் பத்திரம். வண்டி இன்னும் அங்கேயே சிக்கியிருந்தால், வழக்கு முடியும்வரை காத்திராமல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு தனி மனுவும் போடுங்கள். சர்ச்சைக்குரிய தொகையை ஆணையத்தில் செலுத்தத் தயார் என்று சொன்னால் உங்கள் கோரிக்கை நியாயமாகத் தெரியும்.

எதிராளி 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், ஆய்வகப் பரிசோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை இந்தச் சட்டத்தில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் வாங்கிய பொருளைச் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விலக்கு தருகிறது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இது கடினம், அவருக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி.

வழக்காட மனமில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசமாக லோக் அதாலத்தில் பேசலாம். அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. சட்ட உதவிக்கான எண் 15100.

10. உத்தரவு கிடைத்த பிறகு

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பணம் கட்டச் சொன்ன உத்தரவு என்றால், பாதித் தொகையைக் கட்டிய பிறகுதான் மேல்முறையீட்டை ஏற்பார்கள். அதனாலேயே சிறிய தொகை வழக்குகளில் பலர் இந்தக் கட்டத்தில் சமரசத்துக்கு வருகிறார்கள். வராமலும் கட்டாமலும் இருந்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். உத்தரவை மீறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சமரசம் பேசும்போது ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம் என்று கேளுங்கள். "அடுத்த மாதத் தேதி போட்டு செக் தருகிறேன்" என்றால், வாங்கும் அன்றே அது எந்த வழக்குக்கான எந்தத் தொகை என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். செக் திரும்பி வந்தால், வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குத் தொடர வேண்டும். இந்தக் கெடுக்களில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்தச் செக்கை வைத்து வழக்கு நடத்துவது கடினமாகிவிடும். பணம் முழுவதும் கணக்கில் ஏறும்வரை ஆணையத்தில் உள்ள மனுவை வாபஸ் பெறாதீர்கள்.